வரப்புத் தகராறில் உடைந்த கால்

எழுபதுகளின் கடைசியில் அரியலூரில் நான் நர்ஸ் பயிற்சியில் இருந்தேன். ஒரு நாள் காலை விக்கிரமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணை டிராக்டரில் போட்டுக் கொண்டுவந்தார்கள். முப்பது வயதிருக்கும். வரப்பை வெட்டிய தகராறில் அவளுடைய கொழுந்தன் முழங்காலுக்குக் கீழே கடப்பாரையால் அடித்திருந்தான். எலும்பு தோலைக் கிழித்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதில் வயல் சேறு அப்பியிருந்தது.

கூட வந்த கணவர் டாக்டரிடம், "மோட்டார் கொட்டா கூரை மேலேருந்து விழுந்துட்டா சார். அப்படியே எழுதிக்குங்க" என்றார்.

"நான் விழலங்க சார்" என்றாள் அவள். "இவரு தம்பிதான் அடிச்சான். இவரு பாத்துக்கிட்டு நின்னாரு."

கணவர் கையை ஓங்கினார். வார்டு சிஸ்டர் குறுக்கே பாய்ந்தார். அடி சிஸ்டரின் தோளில் விழுந்தது. ஆஸ்பத்திரி ஆட்கள் கணவரைச் சட்டையோடு பிடித்து வெளியே தள்ளினார்கள்.

மயக்கம் கொடுத்துப் புண்ணைக் கழுவினோம். டாக்டர் குதிகாலைப் பிடித்து இழுக்க, நான் தொடையை அழுத்திக்கொண்டேன். எலும்பு கரகரத்தபடி உள்ளே போனது. புண்ணுக்கு இடம் விட்டு மாவுக்கட்டுப் போட்டார்கள்.

சாயங்காலம் ஊசி போட்டும் வலி அடங்கவில்லை. "கட்டப் பிரிங்க, காலு வெடிச்சிரும்!" என்று கத்தினாள். அவள் கால் விரல்களைத் தொட்டேன். சில்லிட்டு வெளுத்திருந்தன. பெருவிரலை லேசாக நிமிர்த்தியதும் அலறி, என் கையை நகத்தால் கீறிவிட்டாள். சிஸ்டரைக் கூப்பிட்டேன். அவர் டாக்டருக்கு ஆள் அனுப்பினார்.

டாக்டர் வந்து மாவுக்கட்டை நீளவாக்கில் பிளந்தார். அப்படியும் விரல்களில் நிறம் திரும்பவில்லை. தியேட்டருக்குக் கொண்டுபோய்த் தோலையும் அடியிலிருந்த சவ்வையும் கீறினார். உள்ளே இறுகிக் கிடந்த தசை பிதுங்கி வெளியே வந்தது.

கால் தப்பியது. ஆனால் பாதத்தைத் தூக்க முடியாமல் போனது.

வாக்குமூலம் வாங்கப் போலீஸ் ஏட்டு வந்தபோது, கணவர் கதவோரம் நின்று, "நாளைக்கு வூட்டுக்கு வரணும்ல?" என்றார்.

"வர மாட்டேன்" என்றாள். அடித்தவன் பெயரையும், பார்த்து நின்றவர் பெயரையும் ஏட்டிடம் சொன்னாள்.

கட்டுப் பிரித்த பிறகு அவளை அழைத்துப்போக ஏலாக்குறிச்சியிலிருந்து அவள் அண்ணன் வந்தார். பஸ் ஏற்றிவிட நானும் போனேன். படியில் அவள் பாதம் இடறியது. பிடிக்கப் போனேன்.

"வுடுங்க சிஸ்டர், நானே ஏறிக்கறேன்" என்று கம்பியைப் பிடித்து ஏறினாள்.