தாயின் பெயரில் வைத்த படங்கள்

சாந்தியக்கா இறந்துவிட்டார் என்று தொலைபேசியில் சொன்ன அவருடைய தம்பி, கூடவே ஒன்று கேட்டார். "தங்கச்சி, அக்காட படம் ஒண்டு உங்கட ஒபிசில இரிக்குமா? வீட்டில இருந்ததெல்லாம் சுனாமியோட போயிற்று. மரண நோட்டீசுக்குப் போட ஒண்டும் இல்ல." படம் எடுக்கவே விடாதவர் அவர். எரிச்சலோடுதான் கணினியைத் திறந்தேன். அவரோடு பழகியவர்களுக்கு அந்த எரிச்சல் புதிதல்ல.

சுனாமிக்குப் பிறகு, கரையில் பொறுக்கிய குடும்பப் படங்களை நாவற்குடா அலுவலகத்தில் நாங்கள் இருவரும் ஸ்கேன் செய்தோம். கணினி ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண்ணைத்தான் பெயராக வைக்கும். யாராவது வந்து அடையாளம் சொன்னால், சாந்தியக்கா ஒற்றை விரலால் ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றுவார். ஒரு கலியாண அல்பத்துக்கே காலைப்பொழுது போய்விடும். படங்களை மொத்தமாகத் தெரிவுசெய்து, ஊர், தந்தை பெயர், வரிசை எண் என்று ஒரு மாதிரியை எழுதிக் கொடுத்தால் எல்லாம் ஒரேயடியாக மாறிவிடும் என்று காட்டினேன்.

"தகப்பன்ட பேர் என்னத்துக்குகா? தேடி வாறது தாய்தானே. வாறவட பேர்ல வை," என்றார் சாந்தியக்கா.

மேலதிகாரி தந்தையின் பெயரைத்தான் கேட்டார். சாந்தியக்கா அசையவில்லை. வாதாடிக் களைத்து நான்தான் விட்டுக்கொடுத்தேன்.

முதன்முதலாகத் தனியே செய்த அன்று, பழகிப் பார்க்கத் தன் ஊரையும் தன் தாயின் பெயரையும் கொடுத்தார். ஒரு படத்தைத் தெரிவுசெய்வதற்குப் பதிலாக எல்லாவற்றையும் தெரிவுசெய்திருந்தார். கலியாண அல்பங்களில் இருந்த அமிர்தகழி மாப்பிள்ளைகள் உட்பட அத்தனை பேரும் நாவற்குடா பூமணியின் பிள்ளைகளானார்கள்.

"ஏசாதகா. இவ்வளவு புள்ளையள் எண்டு தெரிஞ்சா அம்மா சந்தோசப்படுவா."

நகல் இருந்ததால் தப்பினோம். அதை எடுத்து வைத்தவள் நான் என்பதை அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

போர் முடிந்த பிறகு, கரடியனாற்றில் உறவினரோடு தங்கியிருந்த ஒரு பெண், கடல் கொண்டுபோன மகனின் படத்தைத் தேடி வந்தார். அயலவர் ஒருவர் முன்பே அடையாளம் சொல்லியிருந்த படம் அது. அந்தத் தாய் தன் பெயரைச் சொன்னதும் மகன் திரையில் வந்தான். அவர் திரையைத் தொட்டுத் தொட்டு அழுதார். அவர் போனபின் சாந்தியக்கா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை ஒரு வாரம் தாங்க வேண்டியிருந்தது.

தம்பி தொலைபேசியில் காத்திருக்க, சாந்தி என்று தேடினேன். இல்லை. தந்தையின் பெயரைக் கேட்டுத் தேடினேன். அதுவும் இல்லை. பிறகுதான் பூமணி என்று அடித்தேன். ஒரே ஒரு படம் வந்தது. ஸ்கேனர் மூடியை ஒரு கையால் தூக்கியபடி, எடுக்காதே என்று மறுகையை நீட்டுகிறார். நான் களவாக எடுத்த, அவர் அப்போதே அழித்திருப்பார் என்று நினைத்திருந்த படம். பெயர் வைத்தது அவர்.

"இரிக்கு அண்ணா," என்றேன்.

என் கணினியில் இன்றும் தாயின் பெயர்தான் முன்னால் வருகிறது. நகலை மட்டும் நான் மறக்காமல் எடுத்து வைக்கிறேன்.