செட்டர் யாரென்று தெரியாத சீசன்

எங்கள் பக்கத்தில் சீசன் என்ற சொல்லுக்கு ஊருக்கெல்லாம் ஒரே அர்த்தம்தான். ஆனி பிறந்து, மேற்கே மலை கறுத்து, வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே சாரல் முகத்தில் விழுந்தால் சீசன் தொடங்கிவிட்டது. குற்றாலத்தில் தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் மட்டும் அந்தச் சொல்லுக்கு வாலிபால் என்று பொருள்.

சாரலோடு சேர்ந்து குற்றாலத்தில் ஒரு வாலிபால் போட்டி நடக்கும். எங்கள் தென்காசி டீம் அதில் ஆடும். அப்பா சுற்றுலா வேன் ஓட்டினார். அருவியில் குளிக்க வருகிற கூட்டம்தான் எங்களுக்குச் சோறு போட்டது. ஆனாலும் ஐந்தருவியில் தண்ணீர் எப்படி என்று அவர் விசாரித்ததைவிட, சாயங்காலப் பயிற்சிக்கு யார் யார் வந்தார்கள் என்று விசாரித்ததுதான் அதிகம். அம்மா இதைச் சொல்லிச் சிரிப்பாள். "தண்ணி விழாட்டா கூட இவிய பொறுத்துக்கிடுவாவ. பந்து விழுந்துட்டா ரெண்டு நாளு சோறு எறங்காது."

எனக்கு அப்போது ஒன்பது வயது. வாலிபாலில் செட்டர் என்று ஒருவர் இருப்பார். எதிராளி அடித்த பந்தை ஒருவர் எடுக்க, அதை வலைக்குப் பக்கத்தில் நின்று தூக்கிக் கொடுப்பவர் அவர்தான். அவர் தூக்கிக் கொடுத்தால்தான் இன்னொருவர் எகிறி அடிக்க முடியும். அடித்தவனுக்குத்தான் கைதட்டு. ஆனால் விவரம் தெரிந்தவர்கள் செட்டரின் விரலைத்தான் பார்ப்பார்கள் என்று அப்பா சொல்வார். நானும் விவரம் தெரிந்தவளாக இருக்க ஆசைப்பட்டு விரலைப் பார்த்தேன். ஒன்றும் புரியாது. ஆனாலும் பார்த்தேன்.

எங்கள் செட்டர் மின்சார வாரியத்தில் லைன்மேன். லைன்மேன் அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அப்பாவும் அவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர்தான் எங்களுக்குத் தூக்கிக் கொடுத்தார். முந்தின வருடம் இறுதி ஆட்டத்தில், வெற்றிக்கு ஒரு புள்ளி இருக்கும்போது, அவர் தூக்கிய பந்து வலைமேல் உட்கார்ந்து யோசித்துவிட்டு எங்கள் பக்கமே விழுந்தது. அதோடு ஆட்டம் திரும்பி, கோப்பை போயிற்று. அன்றிலிருந்து அடுத்த சீசன்வரை தென்காசியில் ஒரே கேள்வி: வரும் வருடம் செட்டர் யார்?

கேப்டனிடம் கேட்டால், "பாப்போம் அண்ணாச்சி" என்பார். அவர் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவர். வாங்காமல் போகிற வாடிக்கையாளரையும் மனம் நோகாமல் அனுப்பிப் பழக்கப்பட்ட வாய். அந்த 'பாப்போம்' என்பதற்கு என்ன பொருள் என்று டீக்கடையில் நாள்கணக்கில் ஆராய்ச்சி நடந்தது.

இந்த இடத்தில் மாமாவைச் சொல்ல வேண்டும். அம்மாவின் தம்பி. அம்மா பிறந்த வாசுதேவநல்லூர் வீட்டிலிருந்து வந்து எங்களோடு தங்கி, அப்பாவின் வேனுக்கு மாற்று டிரைவராக இருந்தார். சவாரி நீளமாக இருந்தால் பாதி தூரம் அவர் ஓட்டுவார். மற்ற நேரம் கண்ணாடி துடைப்பார், எனக்குப் பலாச்சுளை உரித்துத் தருவார். அவரும் எங்கள் டீமின் பக்தர்தான். கேரளா சவாரி போகும்போது புளியறை செக்போஸ்டில் வண்டி நிற்குமில்லையா, அப்படி நின்ற ஒருநாள், புரோட்டாக் கடைக்குப் பின்னால் பையன்கள் வலை கட்டி ஆடுவதைப் பார்த்திருக்கிறார். அதில் ஒருவன் பந்தைத் தூக்கிய விதம் அவரைக் கட்டிப்போட்டுவிட்டது. பத்தொன்பது வயதிருக்கும், ஒல்லியாக, பேச்சில் பாதி மலையாளம் கலந்து பேசுகிற பையன். மாமாதான் அவனைத் தென்காசிக்குக் கூட்டிவந்து கேப்டனிடம் காட்டினார்.

அவன் வந்த பிறகு ஊரே இரண்டாயிற்று. எங்கள் வீடும்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கோழிக்குழம்பு. தம்பி தூளியில் தூங்கினான். அவனுக்கு ஒரு வயது முடிந்திருந்தது. அப்பாவும் மாமாவும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

"கேப்டன் யோசிக்காரு போல அத்தான். இந்த வருசம் பயலை விட்டாத்தான் நமக்குக் கோப்பை" என்றார் மாமா.

"இத்தன வருசமா ஒருத்தன் தூக்கிக் குடுத்திருக்கான். நேத்து வந்த பய கையில குடுத்துட்டு அவன ஓரமா உக்காரச் சொல்லுதியா?"

"அவுகள யாரும் கொற சொல்லல. ஆனா வெளிச்சம் மசங்குன நேரம் ஆயிட்டா அவுகளுக்குப் பந்து தெரியல. பக்கத்துல வந்தப் பெறவுதான் கையத் தூக்குதாவ. தெரியலன்னா தெரியலன்னு ஒத்துக்கிடணும்லா? கூட நிக்கவங்களுக்கும்லா ஆபத்து."

அப்பாவின் கை சோற்றிலேயே நின்றது.

"யாருக்குத் தெரியல?" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குப் பயமாக இருந்திருக்காது.

"லைன்மேன் அண்ணாச்சியத்தான் சொல்லுதேன் அத்தான்."

அப்பா எழுந்து கை கழுவினார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே, "நாளையிலருந்து நீ வண்டிக்கு வர வேண்டாம் மாப்ளே. நானே பாத்துக்கிடுதேன்" என்றார்.

அன்றைய பேச்சு லைன்மேனைப் பற்றி மட்டுமே என்று மாமா இன்றைக்கும் சத்தியம் செய்வார். நான் பாதி நம்புகிறேன்.

மாமா அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். ஒரு செட்டருக்காக மச்சினனை வீட்டை விட்டு அனுப்பியது எனக்குக் கொஞ்சமும் வினோதமாகப் படவில்லை. டீம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். மாமா வாசலில் நின்று, "போயிட்டு வாரேன் பிள்ளே" என்றபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நான் அப்பா கட்சி.

அதன் பிறகு அப்பா தனியாகவே ஓட்டினார். சீசன் நேரம், சவாரி குவிந்தது. அம்மா ஒவ்வொரு நாளும் சாயங்காலம் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனையில் போய் நிற்பாள். அப்பா காலையில் கிளம்பும்போது, "மசங்கறதுக்குள்ள வந்துருங்க. கேரளா சவாரி வந்தா வேண்டாம்னு சொல்லிருங்க" என்பாள். பயிற்சி ஆட்டம் பார்க்க அப்பா சீக்கிரம் வர வேண்டும் என்று அம்மாவும் விரும்புகிறாள் போலிருக்கிறது, அவளுக்கும் ஒருவழியாக வாலிபால் பைத்தியம் பிடித்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

ஒருநாள் வேன் இடப்பக்கம் நசுங்கி வந்தது. லாரிக்காரன் உரசிவிட்டான் என்றார் அப்பா. அம்மா நசுங்கிய இடத்தைக் கையால் தடவிப் பார்த்தாள். மறுநாள் காலையில் திடீரென்று, தம்பிக்குக் காது குத்த வேண்டும் என்றாள். ஆனி முடிவதற்குள், இலஞ்சிக் கோயிலில்.

காதுகுத்து என்றால் தாய்மாமன் மடியில் பிள்ளை உட்கார வேண்டும். "நீ போயிக் கூப்பிடு. நான் வரல" என்றார் அப்பா. வெற்றிலை பாக்கு, பழத் தட்டோடு அம்மா, தம்பி, நான் மூன்று பேரும் வாசுதேவநல்லூருக்குப் பஸ் ஏறினோம்.

மாமா எலுமிச்சம்பழக் கமிஷன் கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். வேட்டியெல்லாம் எலுமிச்சை வாசம். அம்மாவைப் பார்த்ததும் தோளிலிருந்த சாக்கை இறக்கி வைத்துவிட்டு வந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் கட்சிக் கட்டுப்பாட்டோடு நின்றேன்.

"அத்தான் வரலையா?"

"அவிய எப்படி வருவாவ? நீ வா தம்பி."

"அவுக வந்து ஒரு வார்த்த கூப்பிடட்டும்கா. நான் என்ன தப்பாச் சொன்னேன்?"

அம்மா என்னைப் பார்த்து, "ஏட்டி, அங்கன போயிப் பழம் பெறக்கி வெளையாடு" என்றாள். நான் போனேன், காது கேட்கிற தூரம்வரைதான்.

"நீ சொன்னது தப்பில்ல. எனக்குத் தெரியாதா? ராத்திரி சாப்பிடும்போது தண்ணிச் செம்பத் தடவித்தான் எடுக்காவ" என்றாள் அம்மா. "காதுகுத்து கெடக்கட்டும்லே. இன்னும் ஆடி பூரா கெடக்கு. அந்த மலைரோட்ட நெனச்சா எனக்கு ஒறக்கம் வரல. வண்டியில நாம பெத்த பிள்ளையா இருக்கு, அடுத்தவன் பிள்ளைலா இருக்கு."

மாமா தலையைக் குனிந்துகொண்டு துண்டால் முகத்தைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். காதுகுத்துக்குக் கூப்பிட்டதற்கு ஒரு பெரிய ஆள் ஏன் அழ வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. வாலிபாலில் தோற்கப் போகிறோம் என்று அவருக்கு இப்போதே தெரிந்துவிட்டது போலும் என்று முடிவு கட்டினேன்.

போட்டி தொடங்கிய நாள் நல்ல சாரல். பந்து ஈரமாக வழுக்கியது. அப்பா என்னைக் கூட்டிப்போயிருந்தார். மைதானத்தைச் சுற்றி, குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தவர்களும் நேந்திரங்காய் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தவர்களுமாக ஏகக் கூட்டம். எதிர்ப்புறக் கயிற்றோரத்தில் மாமா நின்றார். அப்பா பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல இருந்தார். நானும் அப்படியே இருந்தேன்.

கேப்டனின் 'பாப்போம்' கடைசியில் லைன்மேன் அண்ணாச்சி பக்கமே சாய்ந்திருந்தது. அவர்தான் இறங்கினார். அப்பா என் தோளை அழுத்தினார். புளியறைப் பையன் ஓரத்துப் பெஞ்சில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

முதல் செட் போயிற்று. பந்து ஒன்று வலையை ஒட்டிப் போகும், அடுத்தது தள்ளிப் போகும். எகிறியவர்கள் காற்றை அடித்துவிட்டு இறங்கினார்கள். இருந்தும் ஒருவரும் அவரைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. அதுதான் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. கூட்டத்தில் யாரோ, "பயல எறக்குங்கலே" என்றான். அப்பா திரும்பி முறைத்தார்.

இரண்டாவது செட் நடுவில், மலைப்பக்கம் வெளிச்சம் குறையத் தொடங்கியபோது, அண்ணாச்சி கையை உயர்த்தி நடுவரிடம் ஏதோ சொன்னார். பிறகு தானே நடந்து பெஞ்சுக்குப் போனார். பையனின் பின்கழுத்தைப் பிடித்து எழுப்பினார். அவன் வேண்டாம் என்று தலையசைத்தான். அவர் அவன் காதில் ஏதோ சொல்லி, முதுகில் ஒரு தட்டுத் தட்டி உள்ளே அனுப்பினார்.

பையன் முதல் பந்தைத் தூக்கினான். விரலில் பட்டதே தெரியவில்லை. பந்து உயரே போய், அடிப்பவருக்காகக் காத்து நின்றதுபோல இருந்தது. அடி இடிபோல இறங்கியது. கூட்டம் எழுந்து குதித்தது. முதன்முறையாக எனக்கும் விவரம் தெரிந்ததுபோல் இருந்தது. கத்தலாமா கூடாதா என்று தெரியாமல் அப்பாவைப் பார்த்தேன்.

அப்பா ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே லைன்மேன் அண்ணாச்சி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, "நல்லாத் தூக்குலே, இன்னும் ஒசக்க" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். அடுத்த புள்ளி வந்ததும் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"சிரிக்கான் பாரு" என்றார் அப்பா, என்னிடமா தனக்கேயா தெரியவில்லை.

ஆட்டம் முடியவில்லை. அதற்குள் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கூட்டத்தை விலக்கி, மைதானத்தைச் சுற்றி, மாமா நின்ற இடத்துக்கு. வழியில் ஒரு கல் தடுக்கியது. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"பய நல்லாத்தான் தூக்குதான் மாப்ளே" என்றார்.

மாமா திகைத்துப்போய், "அண்ணாச்சி சொல்லிக் குடுத்திருப்பாவ அத்தான்" என்றார்.

இரண்டு பேரும் சற்று நேரம் ஆட்டத்தையே பார்த்தார்கள். பிறகு அப்பா சட்டைப் பையிலிருந்து வேன் சாவியை எடுத்து மாமாவின் உள்ளங்கையில் வைத்தார். "ஆட்டம் முடிய மசங்கிரும். போகும்போது நீ எடு. அக்கா தெருமுனையில நிப்பா."

மாமா சாவியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். எனக்கோ மனம் ஆறவில்லை. அப்பா இவ்வளவு சுலபமாகக் கட்சி மாறுவார் என்று நான் நினைத்திருக்கவில்லை.

அந்த ஆட்டத்தில் ஜெயித்தோம். கோப்பை அந்த வருடமும் வரவில்லை. அரையிறுதியிலேயே புளியறைப் பையன் பதற்றத்தில் நாலு பந்தைக் கோட்டைவிட்டான். இலஞ்சியில் மாமா மடியில் உட்கார்ந்து தம்பி மலையே அதிர அழுதான். அப்பாவின் பார்வை அந்தக் காலத்திலேயே ஓரத்திலிருந்து மங்கத் தொடங்கிவிட்டது, அது இனிச் சரியாகாத மங்கல் என்பதெல்லாம் நான் கல்லூரியில் படிக்கும்போது, அவருக்குத் துணையாகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போன நாளில்தான் எனக்குத் தெரிந்தது. டாக்டர் எப்போதிலிருந்து என்று கேட்க, அப்பா வருடக்கணக்கைச் சொல்லவில்லை. "எங்க செட்டரு மாறுன வருசம்" என்றார். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை.

ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் வேறு. ஆடி முடிந்து ஒரு சாயங்காலம், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் வேன் வாசலில் வந்து நின்றது. ஸ்டியரிங்கில் மாமா. இடப்பக்கம் அப்பா, கையைச் சன்னலில் வைத்துக்கொண்டு, சலவைச் சட்டையில். அதுவரை பகல் வெளிச்சத்தில் அப்பாவை அந்த சீட்டில் நான் பார்த்ததே இல்லை. என்னோடு வந்த பிள்ளைகள், "உங்க அப்பா ஓட்டலையாட்டி?" என்று கேட்டார்கள்.

"எங்க அப்பா இப்பம் டிரைவர் வச்சிருக்காவ" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி.

அப்பாவுக்கும் கேட்டது. அவர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, "டிரைவர், பிள்ள ஏறியாச்சு. வண்டிய எடுங்க" என்றார்.

"சரிங்க மொதலாளி" என்றார் மாமா.

வீடு வரும்வரை நான் நடு சீட்டில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து வந்தேன்.