மணலில் கொட்டிய தீசிஸ்

தேவனாம்பட்டினம் கரையில் அன்று யாரும் எங்களுக்கு முகம் கொடுக்கவில்லை. முந்தின வாரம்வரை டீ வாங்கிக் கொடுத்துப் பேசிய பெண்கள், சம்மதக் கையெழுத்து என்றதும் கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள். நான் சிதம்பரத்தில் தாவரவியல் பேராசிரியராக இருந்த கடைசிக் காலம் அது. உடன் வந்த ஸ்டெல்லா என் ஆய்வு மாணவி, கடலூர்க்காரி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். மீனவக் குடும்பங்கள் எந்தச் செடியை, எந்த மீனை எதற்குப் பயன்படுத்துகின்றன என்பது அவளுடைய பிஎச்.டி. தலைப்பு. தீசிஸ் தயார். ஊர் சம்மதிக்காமல் சமர்ப்பிக்க முடியாது.

மீன் விற்கும் அஞ்சலைதான் கடைசியில் வாயைத் திறந்தார்.

"எங்களக் கேட்டு எழுதிக்கினு போனவுங்க ஜாஸ்தி மேடம். திரும்பி வந்து இதான் எழுதனேன்னு சொன்னவுங்க ஒருத்தருமில்ல. நாங்க மீன மூடி வெச்சா ஏலம் உடுறோம்? மணல்ல கொட்டி, எல்லாரும் பாத்தப்புறம்தான வெல சொல்றோம்."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். "தீசிஸ் என்ன கெளுத்தி மீனா, கொட்டுறதுக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

ஸ்டெல்லா என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. "கொட்டிடுறேங்க்கா. ஞாயித்துக்கெழம சர்ச்சுல பூச முடிஞ்சதும் வரேன்" என்றாள்.

நம் பக்கத்து ஆய்வுகள் பெரும்பாலும் பட்டியல்கள்தான். செடியின் பெயர், இலையா வேரா, எந்த நோய்க்கு. யார் இன்னும் செய்கிறார்கள், யார் விட்டுவிட்டார்கள் என்ற பேச்சே இருக்காது. ஞாயிறன்று ஏலம் முடிந்த மணலில் ஸ்டெல்லா தன் தீசிஸைத் தமிழில் படித்தபோதுதான் அந்தப் பேச்சு கிளம்பியது.

"பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற பால்சுறாப் புட்டு" என்று அவள் படித்ததும் ஒரு பெண் மறித்தாள். "ஆப்ரேசன் பண்ணவளுக்கு நாங்க ஒடனே தர மாட்டோம், அதையும் எழுது." இன்னொருத்தி, "எம் மருமவ சுறாவத் தொடவே மாட்டா. காராப்பொடி மீன் கொழம்புதான் அவளுக்கு" என்றாள். சிரிப்பும் சண்டையுமாக ஓர் அத்தியாயமே புதிதாகச் சேர்ந்தது. எனக்கும் கோபம் போய்விட்டது.

அப்புறம் கெளுத்தி முள் குத்தினால் கடுப்பு இறங்க அரைத்துப் பூசும் ஒரு செடி வந்தது. இந்தப் பயனை அதுவரை யாரும் பதிவு செய்ததில்லை. தீசிஸின் உயிரே அதுதான்.

"அது மட்டும் வேணாம் பாப்பா" என்றார் அஞ்சலை. "ஆத்தோரம் ஒரு புடிதான் கெடக்கு. பேரு வெளிய போனா நாளைக்கே வண்டி வெச்சு அள்ளிக்கினு போயிடுவானுங்க. முள்ளு குத்துனா நாங்க எங்க போறது?"

நான் வாயெடுப்பதற்குள் ஸ்டெல்லா அந்தப் பக்கங்களை உருவி அவர் கையில் கொடுத்துவிட்டாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள்.

வைவா என்னும் வாய்மொழித் தேர்வு நம் பல்கலைக்கழகங்களில் பொது நிகழ்ச்சி. யார் வேண்டுமானாலும் வரலாம், டீயும் பிஸ்கட்டும் உண்டு, ஆனாலும் துறைக்காரர்களைத் தவிர யாரும் வருவதில்லை. ஸ்டெல்லாவின் வைவாவுக்கு அஞ்சலை நாலு பெண்களோடு சிதம்பரம் பஸ் ஏறி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

வெளியூர்த் தேர்வாளர் சரியாக அந்த இடத்தில் கை வைத்தார். "மீன் முள் காயத்துக்கு இந்த ஊர்ல மருந்தே இல்லையா? பெரிய கேப் ஆச்சே."

ஸ்டெல்லா பதில் சொல்லத் தொடங்குமுன் அஞ்சலை எழுந்தார். "இருக்குது சார். நாங்கதான் எழுத வேணாம்னோம். கொஞ்சமாத்தான் இருக்கு. இப்ப வேலி கட்டி வளக்குறோம். நெறைய ஆவட்டும், நாங்களே கூப்புடுறோம்."

தேர்வாளர் பேனாவை மூடினார். "அப்ப இதையும் தீசிஸ்ல சேத்துடுங்கம்மா, எடுக்கச் சொன்னாங்க, எடுத்தோம்னு" என்றார். ஸ்டெல்லா டாக்டர் ஆனாள்.

இப்போது குமராட்சிப் பக்கம் வயல் களைகளைப் பற்றி ஆய்வு செய்கிறவர்களும் எழுதியதை ஊரில் படித்துக் காட்டிவிட்டுத்தான் ஜர்னலுக்கு அனுப்புகிறார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வதும் அது ஒன்றுதான். தகவல் சொன்னவர்கள் வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள், உங்கள் தீசிஸ் ஒன்றும் செத்துப்போகாது.

போன மாதம் அஞ்சலை போன் செய்தார்.

"மேடம், செடி வேலியத் தாண்டி வந்துடுச்சு. பாப்பாவக் கூட்டிக்கினு வாங்க, எழுதிக்கட்டும்."