கார்முகில் பாஸ்டரின் ஒரே சாட்சி

எங்கள் பாஸ்டர் கார்முகிலுக்குக் கோபமே வராது என்று வல்லம் வடகாலில் பலர் நம்புகிறார்கள். ஆனால் பொறாமை வரும். வந்தால் சோறு இறங்காது. அதற்குக் காரணம் ஒரகடம் கூட்டு ரோட்டில் சபை நடத்தும் பாஸ்டர் பிரவீன். அங்கே ஏசி, டிரம்ஸ், கம்பெனி ஆட்கள் தங்கும் ஹாஸ்டல் ஹாஸ்டலாகப் போய் ஆள் ஏற்றி வரும் வேன். எங்கள் சபை தகர ஷெட்டு. மழை பெய்தால் பிரசங்கம் காதில் விழாது. அதில் எங்களுக்குப் பெரிய வருத்தம் ஒன்றுமில்லை.

கார்முகில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் வெல்டராக இருந்தவர். வேலையை உதறிவிட்டு ஊழியத்துக்கு வந்தார். வந்ததற்கு அவர் காட்டக்கூடிய கனி ஒன்றே ஒன்றுதான், அப்பாவு. சம்பளம் கைக்கு வந்தால் நேராக ஒயின்ஷாப்புக்குப் போய், விடியும்போது கால்வாயில் கிடக்கிற மனுஷன். அவனுக்குப் பாஸ்டர் பிரசங்கம் பண்ணவில்லை. சம்பள நாளில் ஷிப்ட் முடியும் நேரத்துக்குக் கம்பெனி கேட்டில் பைக்கோடு நிற்பார். அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, ஒயின்ஷாப்பு இருக்கிற மெயின் ரோட்டை விட்டு, ஏரிக்கரை வழியாகச் சுற்றிப் போய் வீட்டில் இறக்கிவிடுவார். வழியெல்லாம் அப்பாவு அவரைத் திட்டிக்கொண்டே வருவான். மாதா மாதம் இப்படியே போனது. ஒரு மாதம் அவன் திட்டவில்லை. அதற்குப் பிறகு குடிக்கவும் இல்லை.

அந்த அப்பாவு போன மாதம் பிரவீனின் வேனில் ஏறிப் போய்விட்டான். போனது மட்டுமா? அங்கே மைக்கைப் பிடித்துச் சாட்சியும் சொன்னான். அது யூடியூபில் வந்தது. "என்னைக் குடியிலிருந்து தூக்கின கர்த்தருக்கு ஸ்தோத்திரம், எனக்காக ஜெபித்த பாஸ்டர் பிரவீனுக்கு நன்றி" என்றான். மேடையில் நிற்கிற போதகருக்கு நன்றி சொல்லாமல் எந்தச் சபையிலும் சாட்சி முடியாது. அது வழக்கம். எங்கள் பாஸ்டரும் அப்படி எத்தனையோ நன்றிகளை வாங்கிப் போட்டுக்கொண்டவர்தான். இருந்தாலும் இதைப் பார்த்ததும் அவருக்கு வயிறு பற்றி எரிந்தது.

"ஏரிக்கரையில வண்டி ஓட்டினது நானு. நன்றி மட்டும் அவனுக்கா?" என்று மனைவி ஷாரோனிடம் கத்தினார்.

"கர்த்தருக்குந்தான் சொன்னாரு. கர்த்தரு இன்னா உங்களாட்டம் குதிச்சினா கீறாரு?" என்றார் ஷாரோன் அக்கா.

பழைய சூப்பர்வைசர் வெல்டிங் லைனுக்கு ஆள் வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார். திங்கட்கிழமை சேர்ந்துவிடுவதாகப் பாஸ்டர் சொல்லிவிட்டார். இருந்த ஒரு கனியும் அடுத்தவன் கூடைக்குப் போன பிறகு ஊழியம் எதற்கு? ஆனால் போவதற்கு முன்னால் அப்பாவுவை நாலு கேள்வி கேட்டே ஆக வேண்டும். சம்பள நாளாகப் பார்த்து அவன் வீட்டுக்குப் போனார்.

"அவரு இன்னும் வரல பாஸ்டர். ஷிப்ட்டு எப்பவோ வுட்டாச்சு" என்றாள் அப்பாவுவின் மனைவி கோவிந்தம்மா.

பாஸ்டருக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. குடித்துவிட்டு எங்கேயோ விழுந்து கிடக்கிறான், பிரவீனின் யூடியூபு நாறட்டும் என்று நினைத்தார். பொறாமை ஒரு மனுஷனை எங்கே கொண்டு போய் நிறுத்துகிறது பாருங்கள்.

அப்போது ஏரிக்கரைப் பக்கமிருந்து ஒரு பைக் வந்தது. ஓட்டியது அப்பாவு. பின்னால் பக்கத்துத் தெரு மகாராஜா, வாய்க்கு வந்தபடி அவனைத் திட்டிக்கொண்டிருந்தான்.

"ஸ்தோத்திரம் பாஸ்டர். நீங்க எனக்கு செஞ்சத இவனுக்கு செஞ்சினு கீறேன். எப்டிதான் என்னத் தாங்கினீங்களோ!" என்றான் அப்பாவு. பிறகு அவசரமாக, "நல்ல நேரத்துல வந்தீங்க. கேட்டாண்ட வனமாமலைன்னு ஒருத்தன் நிக்கிறான், திருநெல்வேலிக்காரன். நான் திரும்பிப் போறதுக்குள்ள ஒயின்ஷாப்புக்குப் பூடுவான். நீங்க போய் ஏத்துங்க" என்றான்.

கேட்க வந்த நாலு கேள்வியும் போய், பாஸ்டர் வாயில் வேறொன்று வந்தது. "திருந்தினா எந்தச் சபைக்குப்பா வருவான்?"

அப்பாவுவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "எங்க வேனு அவன் ஹாஸ்டல் வாசலுக்கே வருது பாஸ்டர்."

பாஸ்டருக்கு மறுபடியும் எரிந்தது. எரிச்சலோடேயே பைக்கை உதைத்துக் கிளப்பிக் கம்பெனி கேட்டுக்குப் போனார்.

"வண்டிய நிறுத்தும்வே! நீரு யாருவே என்னைய கூட்டிட்டுப் போவ?" என்று வனமாமலை ஏரிக்கரை முழுக்க அவர் முதுகுக்குப் பின்னால் கத்திக்கொண்டு வந்தான். அந்தத் திட்டைக் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று பாஸ்டருக்குத் தோன்றியது. திங்கட்கிழமை அவர் வெல்டிங் லைனுக்குப் போகவில்லை.

வனமாமலை இப்போது பிரவீன் சபையில்தான் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை அந்த வேன் எங்கள் ஷெட்டைத் தாண்டும்போது பாஸ்டர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு வெளியே எட்டிப் பார்ப்பார். முகம் சுருங்கும். ஜன்னலோரத்தில் வனமாமலை தலை வாரி, தெளிந்த கண்ணோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் அடுத்த வசனத்துக்குப் போவார்.