ஹாரன் கேட்டால் யார் நிற்பது?

எங்கள் ஊர் நகரி மெட்ராசோடு சேருமா, ஆந்திராவிலேயே இருக்குமா என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்த காலம். எனக்குப் பத்து வயது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியிருந்தார்கள். விடிந்ததும் நைனா ரோட்டுக்கு அந்தப் பக்கம், புளியமரங்களுக்குக் கீழே, தறிக்கான பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டுவார். அம்மா வீட்டில் காய்ச்சும் கஞ்சியை நான் அவரிடம் கொண்டுபோக வேண்டும். வெயில் ஏறிவிட்டால் நூலில் கஞ்சி சீராகப் பிடிக்காது. தறியில் அறுந்துகொண்டே இருக்கும்.

அந்த நேரத்துக்குத்தான் திருப்பதி பஸ் வரும். அந்நிய ஆம்பளையை நிமிர்ந்து பார்க்கக் கூச்சப்பட்டு, தலையைக் குனிந்துகொண்டே ரோட்டைக் கடப்பேன். ஒருநாள் நடு ரோட்டில் போகும்போது ஹாரன் கேட்டது. நிம்மதியாகிவிட்டது. டிரைவர் என்னைப் பார்த்துவிட்டார், நின்றுவிடுவார் என்று நினைத்தேன். நடையைக்கூட மாற்றவில்லை. பஸ் என் பாவாடைக்கு ஒரு முழம் தள்ளி, கிறீச்சென்று நின்றது.

"ஏமம்மா, ஆரன் அடிச்சனே, காது வினபடலேதா? நீ ஒதுங்கிக்குவேன்னுதானே வந்துக்கினே இருந்தேன்!" என்று டிரைவர் கத்தினார்.

நைனா ஓடிவந்தார். "கொழந்தய பாத்துட்டுத்தானே ஆரன் அடிச்சே? நிக்கக் கூடாதா சாமி?"

"நிக்கறதுக்கு எதுக்குய்யா ஆரனு?"

பஸ்ஸுக்குள்ளிருந்து யாரோ சொன்னார்: "ஊரே எந்தப் பக்கம்னு தெரில. பொண்ணுக்கு மட்டும் ரோட்ல எந்தப் பக்கம்னு தெரிஞ்சிடுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். பானை சாய்ந்து, கஞ்சி காலில் கொட்டியது.

மறுநாள் விடியவே வேண்டாம் என்றிருந்தது. விடிந்தது. கஞ்சிப் பானையோடு ரோட்டோரம் நின்றேன். பஸ் வந்தது. அதே டிரைவர். என்னைக் கண்டு நிறுத்தினார். அவர் போகட்டும் என்று நானும், நான் போகட்டும் என்று அவரும் காத்திருந்தோம். சரி என்று நான் அடியெடுத்து வைத்த அதே நேரம் பஸ்ஸும் நகர்ந்தது. பின்னால் துள்ளினேன். மறுபடியும் இருவரும் நின்றோம்.

"கஞ்சி இன்னா ஆச்சி? வெயிலு வந்துட்சி!" அந்தப் பக்கத்திலிருந்து நைனாவின் குரல்.

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "அம்மாடி, நீ போறியா, நான் போவட்டா? ஏதோ ஒண்ணு சொல்லு."

முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு கையைத் தூக்கி, போங்கள் என்று காட்டினேன். போனார். கஞ்சி வெயிலுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது.

இப்போதும் திருப்பதியில் ரோட்டைக் கடக்கப் போனால் கை தானாகத் தூக்கிக்கொள்கிறது. நாலு பக்கமும் ஹாரன். எனக்கா, இன்னொருவருக்கா, நிற்பார்களா, வருவார்களா, ஒன்றும் தெரிவதில்லை. ஒரு முகமாவது என் பக்கம் திரும்பட்டும் என்று தூக்கிய கையோடு நிற்கிறேன்.