பாண்டியம்மாள் போட்ட நிபந்தனை

போன வாரம் பஸ்ஸில் கொடைக்கானலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பெரும்பாறை வளைவில் ஜன்னலைத் திறந்ததும் காப்பிப் பூ வாசம் குப்பென்று ஏறியது. பக்கத்து சீட்டுக்காரர் கண்ணை மூடி ரசித்தார். நானோ சட்டென்று ஜன்னலை இழுத்து மூடினேன். சிரிக்காதீர்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம் எங்கள் ப்ராஜெக்ட் வைவா நடந்தது இந்தப் பூ பூக்கும் நாட்களில்தான். அந்தப் பயம் இன்னும் மூக்கிலேயே தங்கியிருக்கிறது.

மலைக்காரர்கள் பேசுவதைக் கேட்டு கம்ப்யூட்டர் தானாக எழுத வேண்டும், அதுதான் ப்ராஜெக்ட். நானும் மாரீஸ்வரியும் ஒரு குழு. வழிகாட்டி ஸ்டெல்லா மிஸ்.

"நெட்ல இருந்து எடுத்து ஒட்டுற சோலியெல்லாம் எங்கிட்ட வேணாம். ஆளுங்களப் போய்ப் பேச வச்சுப் பதிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு, அவரும் எங்களோடு பெரும்பாறைக்கு பஸ் ஏறினார். மாரியின் அம்மா பாண்டியம்மாள் அங்கே காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கிறவர். நிரல் எழுதுவதைவிட அவர் வைக்கும் மிளகு ரசத்தைக் குடிப்பது எனக்கு நன்றாக வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தோட்டத்துப் பெண்கள் மைக்கைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். பேசியது சூப்பர்வைசர் காதுக்குப் போனால் வேலை போய்விடும். வைவா முடிந்ததும் எல்லாக் குரலையும் அழித்துவிடுவதாக மிஸ் அத்தனை பேர் முன்னாலும் வாக்குக் கொடுத்தார். பிறகு அவர்களை நிறுத்த முடியவில்லை. பாண்டியம்மாள், தன் தங்கை எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, சூப்பர்வைசரின் தொப்பையில் ஆரம்பித்து அவருடைய பைக் வரை ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

வைவா நெருங்கிய சமயத்தில் பாண்டியம்மாள் காய்ச்சலில் படுத்தார். மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இறக்குவதற்குள் போய்விட்டார். அவருடைய குரல் என்று உலகத்தில் மிச்சம் இருந்தது, மிஸ்ஸின் லேப்டாப்பில் கிடந்த அந்தப் பதிவு மட்டும்தான்.

வைவா முடிந்த மறுநாள் லேபில் நாங்கள் மூன்று பேர் மட்டும் இருந்தோம். மிஸ் ஒவ்வொரு குரலாக அழித்துக்கொண்டே வந்தார். கடைசிப் பதிவில் அவர் கை நின்றது.

"இத உங்கிட்டயே விட்டுர்றேன் மாரி. வச்சுக்கிறதுன்னா வச்சுக்கம்மா."

மாரி அதைப் போட்டுக் கேட்டாள். பாண்டியம்மாள் திட்டினார், சிரித்தார். முடிவில், நாங்கள் மறந்தே போயிருந்த ஒன்று வந்தது.

"சோலி முடிஞ்சதும் அழிச்சிரணும்ங்க, டீச்சர். எம்மக கேட்டாலும் குடுத்துராதீங்க. ஊருக்கே போட்டுக் காமிச்சிருவா."

"அம்மா வெளையாட்டுக்குச் சொன்னாங்க. வச்சுக்க மாரி" என்றேன் நான்.

"சித்தி பேசுனதும் இதுலதான கெடக்கு. அது இன்னும் அங்கதான வேலைக்குப் போகுது" என்றாள். சொல்லிவிட்டு அவளே அழித்தாள்.

பிறகு எங்கள் நிரலைத் திறக்கச் சொன்னாள். மைக்கருகே குனிந்து, அவள் அம்மா கூப்பிடுகிற மாதிரியே, "ஏ புள்ள, வெரசா வா, கஞ்சி ஆறிக் கெடக்கு" என்றாள். திரையில் ஒரு பிழை இல்லாமல் எழுத்து விழுந்தது.

"எங்கம்மா பேச்சக் கேட்டுத்தான இது படிச்சது" என்றாள். அதற்கப்புறம்தான் அழுதாள்.

அவள் அழித்தது சரியான காரியம்தான். ஆனாலும் எனக்கு இன்றுவரை மனசு ஆறவில்லை. அந்த நிரலும் இப்போது இல்லை. மிஸ் மாற்றலாகிப் போனபோது காலேஜிலேயே விட்டுப்போன அந்த லேப்டாப் மழை ஈரத்தில் கெட்டுப்போய்க் குப்பைக்குப் போனதாகச் சொன்னார்கள்.

போன வாரம் போனது மாரியைப் பார்க்கத்தான். கொடைக்கானல் நாயுடுபுரத்தில் ஒரு தங்கும் விடுதியில் கணக்கு வழக்குகளைப் பார்க்கிறாள். டீ கொடுத்துவிட்டு, எங்கோ பார்த்தபடி கேட்டாள்.

"அம்மா சிரிச்சா எப்படி இருக்கும், ஒனக்கு ஞாபகம் இருக்கா? எனக்கு இப்ப வரவே மாட்டேங்குது."

இருக்கிறது என்றேன். உண்மையில் எனக்கு ஞாபகம் வந்தது நாங்கள் சிரித்த சிரிப்பு மட்டும்தான்.