ஆர்செனிக் எந்த லெவலில் இருக்கிறது?

வாட்டர் பிளான்ட் வேலையில் நான் தனியாகப் போட்ட முதல் யூனிட், மூடிய தங்கச் சுரங்கத்தை ஒட்டிய தொழிலாளர் குடியிருப்பான ஊரிகம் லைன் வீடுகளுக்கானது. அந்தத் தெரு போர்வெல்லில் ஆர்செனிக் விஷம் இருந்தது. எங்கள் டேங்குக்குள் இருப்பது இரும்பு ஆக்சைடு நானோ துகள் பூசிய மணல்; எங்கள் பாஷையில் மீடியா. தண்ணீர் அதன் வழியாக இறங்கும்போது ஆர்செனிக் துகளில் ஒட்டிக்கொள்ளும். லேப் ரிசல்ட் நன்றாக வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நடுத்தெருவில் நின்று கத்தினேன்: "ஆர்செனிக் லெவல் கீழே போயிடுச்சு! எல்லாரும் தண்ணி பிடிக்கலாம்!"

ஒரு குடம்கூட வரவில்லை. மேனேஜர் போனில் பிடித்துக்கொண்டார். "சாயங்காலம் நான் வர்றதுக்குள்ள யாரும் தண்ணி பிடிக்கலைன்னா, யூனிட்டைக் கழட்டி வேற ஊருக்கு அனுப்பிடுவேன்."

முதல் வீட்டு ஸ்டெல்லாக்காவிடம் ஓடினேன். "ஏங்க்கா யாரும் வரல?"

"எந்த லெவலுக்குப் போச்சும்மா அது?"

"எது?"

"அந்த விஷம்தான். சுரங்கத்துல லெவல் லெவலா தண்ணி ரொம்பி கீது. போர்வெல்லும் கீழேர்ந்துதானே எடுக்குது? சுத்தி எங்க குடத்துக்குத்தானே வரும்?"

திருச்சிக்காரி எனக்கு எப்படித் தெரியும், இங்கே லெவல் என்றால் சுரங்கத்தின் அடுக்கு என்று? பதறிப்போய்த் திருத்தினேன். "கீழே போகலக்கா! டேங்குக்குள்ளேயே, கேஜ்ல அடைச்ச புலி மாதிரி இருக்கு!"

"ஐயய்யோ, கேஜா? சுரங்கத்துல ஆளுங்கள ஏத்தி எறக்குறதே அதுதானே! மேல வந்துடுமே!"

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அக்காவுக்கும் தொற்றிக்கொண்டது. நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததைப் பார்த்துத் தெருவே கூடிவிட்டது. மூட்டையிலிருந்த புது மீடியாவை அள்ளிக் காட்டினேன்.

"இது துரு பூசின மணல். விஷம் இதுல ஒட்டிக்கும், தண்ணி மட்டும் வரும். மணல் தீர்ந்ததும் மொத்தமா பத்திரமா எடுத்துட்டுப் போயி, புதுசு போடுவோம்."

"அட, துருன்னு மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? துணியில பட்டாலே போவாதே அது!" ஸ்டெல்லாக்கா குடத்தை எடுத்தார். பின்னாலேயே தெரு முழுக்கக் குடம். எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது, குதித்தேன்.

அதிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும், என் வார்த்தைகளுக்கு அங்கே என்ன அர்த்தம் என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்கும் அதையே சொல்வேன்.

அன்று சாயங்காலம் மேனேஜர் ஸ்பேனர் பையோடு கூட்டத்துக்குள் நுழையப் பார்த்தார். யாரும் வழி விடவில்லை.

"இன்னா சார் நடுவுல பூர்றீங்க? போய் குடம் எடுத்துட்டு வந்து கடைசியில நில்லுங்க!"